அஃப்ரியே மாட்டிய பலகை

கானா நாட்டின் குமாசிச் சந்தை வட்டார முடி அலங்காரப் பெண்கள் சங்கத்தின் தலைவி, மாண்புமிகு மேடம் செர்வா போன்சு அவர்களே! மேடையை நிறைத்து, என் மனத்தையும் நிறைத்து அமர்ந்திருக்கும் மூத்த அம்மாக்களே! விடிந்ததும் கடை திறந்து, கால் கடுக்க நின்று, ஊர்த் தலைகளுக்கெல்லாம் அழகு சேர்க்கும் அன்னையரே, அக்காமாரே! இடமில்லாமல் வாசலில் வாழைக்காய் வறுவலுடன் நிற்கும் தங்கைமாரே! உங்கள் தலைகளுக்கு, ஆம், தலைகளுக்கே என் முதல் வணக்கம்!

வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள். வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்து வரப்போகும் தீர்மானம் என்னவென்று தெரிந்தது. அதோ, மூன்றாம் வரிசையில் தனியாக அமர்ந்திருக்கிறாரே சகோதரி அஃப்ரியே, அவரைச் சங்கத்தைவிட்டு நீக்க வேண்டுமாம். நீக்கினால் இந்த வட்டாரத்தில் அவர் கடை நடத்த முடியாது. அப்படி என்ன குற்றம் செய்தார்? கடைவாசலில் ஒரு பலகை மாட்டினார். 'முன்முடியை இழுத்துப் பின்னமாட்டோம். வலித்தால் சொல்லுங்கள், நிறுத்துவோம்.' இவ்வளவுதான். இதனால் சங்கத்தின் மானம் போயிற்றாம்! என் வாழ்த்துரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

என்னம்மா பின்வரிசையில்? "வழுக்கத் தலைக்கு முடியப் பத்தி என்னண்ணே தெரியும்?" என்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். இல்லாதவன் ஏங்குவதை இருப்பவர் இழுத்து எறியலாமா என்றுதான் நானும் கேட்கிறேன்! செய்தியாளனாகவே தலை வழுக்கையானவன் நான். காதில் விழுந்ததை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதையே எழுதியவன். கண்ணில் பட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன்.

நம் ஊரில் பின்னலுக்கு உரைகல் எது? வலி! கண் இமைக்க முடிந்தால் பின்னல் சரியில்லை. கழுத்தைத் திருப்ப முடிந்தால் பின்னியவளுக்குக் கை தளர்ந்துவிட்டது. அந்த இறுக்கத்துக்கு அரசியாக இருந்தவர் இதே அஃப்ரியே. அவர் கடைவாசலில் எப்போதும் ஒருவன் தலைவலி மாத்திரை விற்றுக்கொண்டு நிற்பான். அவன் பிழைப்பே அவர் விரல்களில்தான் இருந்தது.

ஒரு நாள் என் மனைவியை அழைத்துப்போக அங்கே காத்திருந்தேன். கேஜெட்டியா சந்தையில் துணி விற்கும் டெச்சிவா வந்தாள். அஃப்ரியேவிடம் பல்லாண்டுகளாகப் பின்னிக்கொள்பவள். "அக்கா, சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். நல்லா இறுக்கு. கண்ணு ரெண்டும் மேல ஏறணும்!" என்று உட்கார்ந்தாள்.

அஃப்ரியே பழைய பின்னலை அவிழ்க்கத் தொடங்கினார். பாதி அவிழ்த்திருப்பார். நெற்றிப்பொட்டருகே இருந்த ஒரு பின்னல், வெள்ளை வேரோடு அப்படியே கையோடு வந்தது.

"என்னக்கா, நிறுத்திட்டே?"

"கையை நீட்டு டெச்சிவா." பின்னலை அவள் உள்ளங்கையில் வைத்தார். "இது உன் முடி. பிடுங்கினது என் கை."

"அட, போக்கா! ஒட்டுமுடி வெச்சு மறைச்சுடு."

"எதுலடி ஒட்ட? உன் நெத்தி காது வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் இழுத்தா உச்சி வரைக்கும் நெத்திதான்!"

"இறுக்கமாட்டேன்னா சொல்லு, எதிர்க்கடைக்குப் போறேன். மாப்பிள்ளையோட அத்தைங்க மொதல்ல என் தலையத்தான் பாப்பாங்க."

"போ. என் கையால இன்னொரு முடி போகாது."

விருட்டென்று எழுந்தாள். வாசல் வரை போனாள். பாதி அவிழ்ந்த தலையோடு சந்தைத் தெருவில் இறங்க எந்த மணப்பெண்ணுக்குத் துணிவு வரும்? திட்டிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அஃப்ரியே தண்ணீர் தெளித்தார். ஷியா கொட்டையில் எடுத்த வெண்ணெயை உள்ளங்கையில் உருக்கித் தடவினார். அகலப்பல் சீப்பை எடுத்து, நுனியில் தொடங்கி, சிக்கலுக்குச் சிக்கல் நின்று, வேருக்கு ஏறினார். "காஞ்ச முடியில சீப்ப வெக்காதே. ராத்திரி வழவழன்னு ஒரு துணியக் கட்டிட்டுப் படு. முன்முடிய யாரும் தொடக்கூடாது, நானும்தான்" என்றார். சனிக்கிழமை, நானும் போயிருந்த அந்தக் கல்யாணத்தில், டெச்சிவா தன் சொந்த முடியோடு, சுற்றிலும் மேகம் சூழ்ந்ததுபோல வந்து நின்றாள். அத்தைகளில் ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது: "என்னடி இது, கல்யாணப் பொண்ணு சிரிக்கிறா? எனக்கெல்லாம் அன்னிக்கு வாயே தெறக்க முடியல!"

மறுவாரம் பலகை ஏறியது. வாடிக்கையாளர்கள் இறங்கிப் போனார்கள். 'கை தளர்ந்த அஃப்ரியே' என்று பெயர் வைத்தோம். பலகையைக் கழற்றச் சொல்லிச் சங்கம் ஆள்மேல் ஆள் அனுப்பியது. "பலகையக் கழட்டணும்னா என் கையையும் சேத்துக் கழட்டிக்கோங்க" என்றார்.

தாய்மாரே! நம் முடி வளராத முடி என்று யார் சொன்னது? வளர்ந்தது, வளர்ந்துகொண்டேதான் இருந்தது. சுருண்டு வளர்ந்தது, சுருளுக்குள் ஒளிந்து வளர்ந்தது. நாம் பிடுங்கினோம்! வறட்டுக் காற்றைக் குறை சொன்னோம், சோப்பைக் குறை சொன்னோம், கடவுள் கொடுத்த சுருளையே குறை சொன்னோம். சொந்தக் கையைச் சொன்னோமா? அழுகிற குழந்தையின் தலையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு "அசையாதே, அழகு வேணுமா வேணாமா?" என்று அதட்டினோமே, அந்தக் குழந்தை அழகையா கேட்டது? விடுதலையைக் கேட்டது! வேரில் உயிர் இருக்கும்போதே விட்டால் முளைக்கும். வேர் செத்த பிறகு எந்த வெண்ணெயும் முளைக்க வைக்காது. அந்தக் கெடு முடிவதற்குள் ஒருத்தி தன் கையை நிறுத்தினாள். நிறுத்தியவளையா நீக்கப் போகிறீர்கள்?

சரி. உங்கள் சங்கம், உங்கள் வாக்கு. தீர்மானத்துக்கு ஆதரவு என்றால் தாராளமாகக் கை தூக்குங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். தூக்குவதற்கு முன், அதே கையைத் தலைத்துணிக்குள் விட்டு, உங்கள் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பாருங்கள். அங்கே முடி இருந்தால் தூக்குங்கள்.

அடடா! கைகள் எல்லாம் துணிக்குள் போய்விட்டன, ஒன்றையும் மேலே காணோமே! மேடம் செர்வா, மன்னிக்க வேண்டும், உங்கள் கையும் நெற்றிப்பொட்டிலேயே நிற்கிறது. அவசரமில்லை, அம்மா. அது இறங்கும்வரை காத்திருக்கிறோம்.

வாழ்த்த வந்தவனை வாதாட விட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. இனி இழுக்காமல் பின்னப்போகும் அத்தனை விரல்களுக்கும் என் வணக்கம்.