எண்ணெயைக் கொட்டியவன்

மத்தி மீன் டப்பா வாங்கும்போது அதை முதலில் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர்ப் பானைபோலத் தளும்பினால் எண்ணெய் அதிகம், மீன் குறைவு. சத்தமே இல்லையென்றால் மூச்சு முட்ட அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். நல்ல டப்பாவில் இரண்டும் இராது. பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல ஒரு சின்ன அசைவு கேட்கும், அவ்வளவுதான். கடையில் நான் இப்படிச் செய்வதைப் பலர் வேடிக்கை பார்ப்பார்கள். சம்பந்தம் பேசும்போது நூறு கேள்வி கேட்கிறவர்கள், மீன் விஷயத்தில் கைக்கு அகப்பட்டதைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் அவசரக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். செய்ததை நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற தொழில். பொறுமை இல்லாதவனால் முடியாது. அந்தப் பொறுமையை வீட்டில் என் டப்பாக்களுக்கும் கொடுத்தேன். துணி அலமாரியில், குளிர்காலச் சட்டைகளுக்குப் பின்னால் அவை அடுக்கப்பட்டிருக்கும். மாதம் பிறந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைப்பேன். எண்ணெய் எல்லாப் பக்கமும் ஊற வேண்டாமா? ஒருக்களித்தே படுத்துக்கிடந்தால் மனிதனுக்கே உடம்பு பிடித்துக்கொள்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டப்பா திறப்பேன். ரொட்டியை வாட்டி, டப்பாவின் எண்ணெயையே அதன்மேல் ஒரு கரண்டி விட்டு, மீனை உடையாமல் எடுத்து வைத்து, எலுமிச்சை இரண்டு சொட்டு, மிளகுத்தூள். அந்த முள் பல்லில் பட்டு மாவாகக் கரையும் நேரத்தில் நான் யாருடனும் பேசமாட்டேன். என் மனைவிக்கு மத்தி பிடிக்காது. ஆகவே எங்கள் இல்வாழ்க்கை இனிமையாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மைத்துனன் வந்தான். அவளுடைய தம்பி. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியன். வேறு அறை கிடைக்கும் வரை ஒரு வாரம் இருக்கிறேன் என்று வந்தவன், மழைக்கு ஒதுங்கிய பூனைபோல அங்கேயே சுருண்டுகொண்டான். அவனைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். நல்லவன். பாத்திரம் கழுவுவான், பாட்டுப் பாடுவான், அக்காவைச் சிரிக்கவைப்பான். முதல் ஞாயிற்றுக்கிழமையே என் எதிரில் உட்கார்ந்து ஒரு டப்பாவைத் திறந்தான். எண்ணெயைக் கழுவுதொட்டியில் கொட்டினான்.

"என்ன மாப்பிள்ளை, அதைக் கொட்டிட்ட?"

"எண்ணெய் உடம்புக்கு ஆகாது அத்தான்." சொல்லிவிட்டு, மீன்களை முள்கரண்டியால் நசுக்கி, தக்காளி சாஸைப் பிழிந்து, குழைத்து வாயில் போட்டுக்கொண்டான். "ஆகா! இப்பப் பாருங்க ருசியை. ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன்."

நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் எதிரில் உட்கார்ந்து, கார் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எந்தெந்தச் சுவரில் இடித்தார்கள் என்று கதை சொல்லிக்கொண்டே சாஸைக் குழைப்பான். காது ஒரு பக்கம் கேட்கும், கண் ஒரு பக்கம் நோகும். ஆனால் எங்கள் கல்யாணத்தன்று நான் வாங்கிய டப்பா ஒன்று இருந்தது. வெள்ளிவிழாவுக்குத் திறப்பதற்காக வைத்திருந்தேன். என் மனைவியைவிட அதை நான் அதிகம் திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்று அவள் சொல்வாள். மிகைதான்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது அந்த டப்பா வாசற்படியில் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பூனை மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"அலமாரியைத் துடைச்சு அடுக்கினேன் அத்தான்" என்றான் அவன், பாராட்டை எதிர்பார்த்து. "ஒரு டப்பா பாருங்க, எக்ஸ்பயரி ஆகி எத்தனையோ வருஷம்! நல்லவேளை நீங்க தின்னுடல. பூனைக்கு வெச்சேன், தாம்தூம்னு தின்னுச்சு."

"நல்ல காரியம் செஞ்ச" என்றேன்.

இவனை முடித்துவிடுவது என்று அன்றுதான் தீர்மானித்தேன். ஆத்திரம் எதுவும் இல்லை. இரவு நன்றாகத் தூங்கினேன்.

கருவி தானாகவே என் கடைக்குள் நடந்துவந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். கிட்டப்பார்வை. நான் அவளுக்குக் கண்ணாடியை மாட்டிவிடக் கையை நீட்டியதும் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. மீன் சாப்பிட்டீங்களா?"

"நேத்து."

"எனக்கு அந்த வாசனையே ஆகாது. வயித்தைப் புரட்டிடும்."

நல்ல பெண். அமைதியானவள். கல்யாணம் ஆகாதவள். இப்படி ஒருத்தி வீட்டுக்குள் ஒரு மத்தி டப்பாகூட நுழைய முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மரணதண்டனை என்று சொல்லமாட்டேன். ஆயுள்தண்டனை.

பிறகு நான் செய்ததெல்லாம் இரண்டே இரண்டு பொய்கள். அவளிடம், "என் மைத்துனன் மீன்கடை இருக்கிற தெருவுலகூட நடக்கமாட்டாம்மா" என்றேன். அவனிடம், "அவளுக்கு மத்தின்னா உயிர். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பேச்சே எடுக்காதே, கூச்சப்படுவா" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்காக எவ்வளவு தேடியிருக்கீங்க அத்தான்!" என்றான். கண் கலங்கியிருந்தது. கண் மருந்து கொடுத்தேன்.

கல்யாணம் நடந்தது. அவனுடைய பெட்டியை நானே தூக்கி வண்டியில் வைத்தேன்.

புது வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை, மனைவியை அசத்த வேண்டும் என்று அவன் மூன்று டப்பாக்களைத் திறந்து, குழைத்து, சாஸால் இதயப் படம் போட்டு, படுக்கைக்கே கொண்டுபோயிருக்கிறான். அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியவள் மத்தியானம்தான் உள்ளே எடுத்தாளாம். சாயங்காலம் இருவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவளுக்கு மத்தி பிடிக்கும்னு யாருடா உனக்குச் சொன்னது?" என்று என் மனைவி கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலக்கா. நானா நினைச்சுக்கிட்டேன்" என்றான். பிறகு தன் மனைவியிடம், "இனிமே மீனைத் தொடமாட்டேன். நீ பக்கத்துல இருந்தாப் போதும்" என்றான். அவள் அழுதாள். என் மனைவியும் அழுதாள்.

நான் நினைத்ததைவிடச் சுத்தமாக முடிந்தது. அலமாரி மறுபடியும் என்னுடையது. ஞாயிறு மறுபடியும் அமைதி.

மத்தியின் தரம்தான் சமீபத்தில் குறைந்துவிட்டது. கடைக்காரரிடம் சொன்னேன். அதே டப்பாதான் சார் என்றார். ஒரு டப்பா ஒருவனுக்கு அதிகம் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. ஆகவே வசதிக்காக இரண்டாவது தட்டு ஒன்றை எதிரில் வைத்தேன். யார் எந்தச் சுவரில் இடித்தார் என்று சொல்ல ஆளில்லாததால், மேசை கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. பார்வையைச் சோதித்துக்கொண்டேன். கோளாறு இல்லை.

"அந்தத் தட்டு யாருக்குங்க?" என்று மனைவி கேட்டது போன ஞாயிற்றுக்கிழமை.

"பூனைக்கு."

"பூனைக்கு எதுக்குங்க முள்கரண்டி?"

அவள் கண்ணாடி போடாமலே தூரத்தில் இருப்பதைப் படிப்பவள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எதிரில் இருந்த முள்கரண்டியை எடுத்து என் தட்டருகே வைத்தாள். பிறகு, "என் தம்பி வாழ்க்கையை ஒரு பழைய டப்பாவுக்காக வெச்சு விளையாடியிருக்கீங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். சொல்லாம இந்த வீட்ல இனி மீன் திறக்கக் கூடாது" என்றாள்.

இன்று காலை மைத்துனனும் அவளும் வந்தார்கள். அவன் மனைவிக்காக ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துவிட்டு, இப்போது உங்களிடம் சொன்னதைப்போலவே அவர்களிடமும் சொன்னேன். சத்தம் போடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, காரணங்களை மட்டும் விளக்கினேன். மைத்துனன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது கல்யாண டப்பாவா அத்தான்?" என்றான் கடைசியில். "ஐயோ. சொல்லியிருக்கக் கூடாதா?" மற்றதெல்லாம் அவன் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

அவள்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் செய்துகொடுத்த கண்ணாடி.

"அண்ணா, இவரு மீன் தின்பாருன்னு எனக்கு முதல் நாளே தெரியும். பார்க்க வந்தப்ப சட்டைக் கையிலேயே வாசனை அடிச்சுது. உங்க வீட்ல இருந்துட்டு மீனே தெரியாத மனுஷனா! கல்யாணம் பண்ணி அந்தப் பழக்கத்தை நிறுத்திடலாம்னுதான் நானும் வந்தேன். எனக்குப் பிடிக்கும்னு நினைச்சு எதுக்குப் படுக்கைக்குக் கொண்டுவந்தாருங்கறதுதான் புரியாம இருந்துச்சு." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "இப்பத் தெளிவாத் தெரியுது."

பிறகு தீர்ப்பு சொன்னாள். "வீட்ல வந்து தினமும் அக்கா வீட்டு ஞாயித்துக்கிழமையைப் பத்தியே பேசறாரு. மீனைப் பத்திக்கூட இல்ல, உங்களைப் பத்தி. அதனால வாரத்துக்கு ஒருநாள் இங்க வந்து சாப்பிடட்டும். ஆனா கைய மூணு தடவை கழுவி, சட்டை மாத்தி, கிராம்பு மென்னுட்டுத்தான் என் வாசல்ல கால் வைக்கணும்."

"அவருக்குச் சம்மதமான்னு கேளேன்" என்றாள் என் மனைவி அவளிடம், என்னைப் பார்த்துக்கொண்டே.

அவன்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அதனால் மட்டும்தான் ஒப்புக்கொண்டேன். அவன் வரப்போகிறான் என்று தெரிந்ததும் நான் கடைக்கு ஓடிப்போய்த் தக்காளி சாஸ் வாங்கிவந்ததாக என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது முழுப் பொய். அந்த பாட்டில் அவன் போன மறுவாரத்திலிருந்தே அலமாரியில், சட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. மாதம் பிறந்ததும் அதையும் திருப்பி வைக்கிறேன்.