பேருந்து தாமதமாகும் என்று எழுதிய டாரதி அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, கனடாவின் இந்தத் தண்டர் பே நகரத்துக் கடைக்காரர்களே, தேர்வு நேரத்திலும் ஓடிவந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நான் பழைய குளிர்கோட்டும் கட்டிலும் விற்பவன். அலங்காரமாகப் பேச வராது. ஆனால் நம் வெளிநாட்டு மாணவர் சேர்க்கை அதிகாரி, மறைந்த டாரதி லெஹ்டோ அம்மையாரைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது? அவர்மீது கல்லூரி நிர்வாகத்துக்குப் புகார் எழுதிய ஒரே ஆள் நான்தானே!

ஆம், எழுதினேன். இங்கே படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு அவர் அனுப்பும் கடிதத்தைப் பார்த்தேன். 'மைனஸ் முப்பது வரை குளிரும். பகுதிநேர வேலை சுலபத்தில் கிடைக்காது. ஜனவரியில் பேருந்துக்கு நாற்பது நிமிடம் நிற்க வேண்டிவரும்.' எந்த வியாபாரியாவது வாசலிலேயே சரக்கின் குறையைச் சொல்வானா? புகார் எழுதியும் ஆறாமல், நேரே அவர் அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன்.

"ஏம்மா, வர்ற பிள்ளைங்கள நீங்களே வெரட்டுனா என் கட்டிலை யாருக்கு விக்கிறது?"

"ராய்மோ, உன் கட்டிலுக்கு ஒரு கால் ஆடுதுன்னு சேத்து எழுதட்டுமா?" என்று சிரித்தார். எழுதியும் விட்டார்!

அந்தச் செப்டம்பரில் நைஜீரியாவிலிருந்து இஃபியோமா வந்தாள். இதோ, முன்வரிசையில் இருக்கிறாள். "ஆடாத கட்டில் இருக்கா அங்கிள்?" என்றுதான் கடைக்குள் நுழைந்தாள்.

"எத்தனையோ பெரிய ஊர் இருக்க, இங்க எதுக்கும்மா வந்தே?"

"ஆறு கல்லூரிக்கு எழுதினேன் அங்கிள். அஞ்சு பேர் ஏரிப் படம் அனுப்பினாங்க. இவங்க மட்டும்தான் பஸ் லேட்டாகும்னு எழுதினாங்க. எங்கம்மா படிச்சுட்டு, 'இந்தப் பொம்பளை இருக்கிற ஊருக்கே போடி'ன்னுட்டாங்க."

தரவரிசை பார்ப்பார்கள், விசா பார்ப்பார்கள், கட்டணம் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்த பிறகும் ஒரு தாய்க்கு நம்புவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது! அந்த ஆளை நாம் இழந்துவிட்டோம்.

முதல்வர் அவர்களே, முகத்துக்கு நேரே சொல்கிறேன். அவர் மேசையில் முப்பத்தொரு கடிதங்கள் பதிலின்றிக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பிள்ளைகள் முடிவெடுத்தாக வேண்டும். பளபளப்பான கையேட்டை அனுப்பினால் போதும் என்கிறீர்கள். போதாது ஐயா! கடிதங்களை எங்களிடம் கொடுங்கள். இஃபியோமாவும் தோழர்களும் பதில் எழுதுவார்கள். வீடு, வேலை பற்றிக் கடைக்காரர்கள் நாங்கள் மறைக்காமல் சொல்வோம். இது அம்மையார் படத்தின் முன் நாங்கள் தரும் வாக்கு.

இன்னொரு கடிதம், எப்படி என்று கேட்காதீர்கள், நேற்றே என் கைக்கு வந்துவிட்டது. பெருவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: 'என் மகன் அங்கே தனிமையில் தவிப்பானா?'

பதில் எழுதிவிட்டேன்.

'தவிப்பான் அம்மா. முதல் குளிர்காலம் முழுக்கத் தவிப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் சாப்பிடுவான்.'