தொப்பி இல்லாத மார்ஷல்

ஹார்லன்: தொப்பி இல்லையே இவருக்கு.

லவோன்: கட்டடத்துக்குள்ள எதுக்குன்னு கழட்டி வெச்சிருப்பாரு.

ஹார்லன்: இல்ல மேடம்... கௌபாய் காலத்து மார்ஷல்னா தொப்பி வேணாமா. தொப்பி இல்லாம பாத்தா பல் டாக்டர் மாதிரி இருக்காரு.

லவோன்: பல் டாக்டர் இடுப்புல துப்பாக்கி இருக்குமா?

ஹார்லன்: எங்க பக்கத்துல ஒருத்தர் வெச்சிருந்தாரு. அவர்கிட்ட யாரும் வலிக்குதுன்னு சொன்னதில்ல.

லவோன்: மிஸ்டர் பீவி, வாங்குறீங்களா, இல்ல அவர வெச்சு காமெடி பண்றீங்களா?

ஹார்லன்: வாங்காம எங்க போறேன். ஒன்றரை வருஷமா ஒரு சந்தையாவது வாங்காம போயிருக்கேனா? போன மாசம்கூட ஒருத்தர வாங்கினேனே... அந்த நீலச் சட்டைக்காரர்.

லவோன்: ரேஞ்சர் பிளெட்சோ.

ஹார்லன்: அவரேதான். நல்லா இருக்காரு.

லவோன்: நல்லா இருக்காரா?

ஹார்லன்: அதாவது... அலமாரில நல்லா நிக்கிறாரு.

லவோன்: அவரு நிக்க மாட்டாரே. குதிரைல உக்காரத்தானே பிளாஸ்டிக் கால வளைச்சு வெச்சிருக்கு.

ஹார்லன்: ...செவுத்துல சாய்ச்சு வெச்சிருக்கேன்.

லவோன்: குடிச்சுட்டு வந்தவரு மாதிரியா?

ஹார்லன்: களைச்சுப் போனவரு மாதிரி. மேடம், இந்தாங்க, இத மொதல்ல பிடிங்க. சூடு.

லவோன்: என்ன இது?

ஹார்லன்: சில்லிக் குழம்பு. வாசல்ல சர்ச் பொம்பளைங்க கட போட்டிருக்காங்க. இன்னைக்கு கறி கொஞ்சம் கூடவே போட்டிருக்காங்க.

லவோன்: ரெண்டு கிண்ணம் வாங்கியிருக்கீங்க.

ஹார்லன்: ரெண்டும் எனக்குத்தான்னு வாங்கினேன். நடந்து வர்றதுக்குள்ள பாதிப் பசி போயிடுச்சு.

லவோன்: மாசாமாசம் வாசல்லருந்து என் மேசைக்கு வர்றதுக்குள்ள உங்களுக்குப் பாதிப் பசி போயிடுது.

ஹார்லன்: இந்த எனிட் ஊர்ல காத்து அப்படி. ஆளையே தின்னுடும், பசி எம்மாத்திரம்.

லவோன்: உக்காருங்க. அந்தப் பெட்டி மேல வேணாம்... இந்த நாற்காலியில.

ஹார்லன்: இது விக்கிறவங்க உக்கார்ற பக்கமாச்சே.

லவோன்: உக்காந்தா யாரும் உங்கள வித்துற மாட்டாங்க.

டூயி: லவோன்... மன்னிக்கணும், சாப்பிட்டுட்டு இருக்கீங்க. ஒரே ஒரு சந்தேகம். என் கோடி மேசைக்கு துல்சாலருந்து ஒரு ஆளு வந்து என்கிட்ட சண்ட பிடிக்கிறான். மார்ஷல் ஹக்கபி பொம்மை... சீ, என் வாயிலயே பொம்மைன்னு வருது பாருங்க. உருவம். மார்ஷல் ஹக்கபி உருவம்... மொத அச்சுல கழுத்து கர்ச்சீப் என்ன நெறம்? சிவப்பா, மஞ்சளா?

லவோன்: பீவியக் கேளு, டூயி. இதுலெல்லாம் அவருதான் புலி.

ஹார்லன்: நானா... அது வந்து... வருஷத்தப் பொறுத்தது டூயி.

டூயி: மொத அச்சுன்னு சொன்னேனே பெரியவரே.

ஹார்லன்: மொத அச்சுலயே மொதப் பாதி இருக்கு, ரெண்டாம் பாதி இருக்கு.

டூயி: அப்படியா? முப்பது வருஷமா இதே வேலையா இருக்கேன், நான் கேள்விப்பட்டதில்லையே. மொதப் பாதில என்ன நெறம்?

ஹார்லன்: மொதப் பாதில... மேடம், அன்னைக்கு நாம பேசிட்டு இருந்தோமே...

லவோன்: ஆரஞ்சு.

டூயி: ஆரஞ்சா?

ஹார்லன்: ஆரஞ்சுதான். நாளாக நாளாக வெயில்ல வெளுத்து சிலது மஞ்சளாயிடுச்சு, சிலது சிவப்பாயிடுச்சு.

டூயி: வெளுத்தா எப்படிங்க சிவப்பாகும்?

ஹார்லன்: நிழல்ல வெச்சிருந்தா ஆகும்.

டூயி: ...நிழல்ல வெச்சிருந்தா.

லவோன்: டூயி, உன் மேசையில யாரோ அந்த வெள்ளக் குதிரையத் தலகீழாத் தூக்கிப் பாக்குறாங்க.

டூயி: வாலு நான் ஒட்டினது... ஏங்க, ஏங்க, அத வால்ல பிடிக்காதீங்க... வரேன் லவோன்.

ஹார்லன்: போயிட்டாரா?

லவோன்: போயிட்டான். பாவம், நிழலப் பத்தி யோசிச்சுட்டே போறான். இன்னும் ஒரு வாரத்துல ஓக்லஹோமா பூரா ஆரஞ்சு கர்ச்சீப்ப தேட ஆரம்பிச்சுருவாங்க.

ஹார்லன்: கெடைச்சாலும் கெடைக்கும்.

லவோன்: பீவி... இன்னொண்ணு சொல்லணும். அடுத்த மாசம் நான் வரல.

ஹார்லன்: உடம்புக்கு ஏதாவது...

லவோன்: உடம்புக்கு என்ன. மேசைய விட்டுடறேன்னு சந்தை ஆபீஸ்ல சொல்லிட்டேன். பையன் பாய்சிலருந்து கூப்பிட்டுட்டே இருக்கான். மாடில ஒரு ரூம் சும்மா கெடக்காம். மருமக அதுக்கு பெயின்ட்கூட அடிச்சுட்டாளாம்.

ஹார்லன்: என்ன பெயின்ட்?

லவோன்: பச்சைன்னு சொன்னான்.

ஹார்லன்: பச்ச நல்ல கலருதான்.

லவோன்: ஆமா.

ஹார்லன்: ...பாய்சி தூரம்.

லவோன்: ரெண்டு நாள் வண்டி ஓட்டணும்.

ஹார்லன்: நடுவுல மலையெல்லாம் வரும். பனி பேஞ்சா ரோட்ட மூடிருவாங்க. உங்க வண்டி டயரு வேற... போன தடவையே பாத்தேன், வழுக்கையா இருக்கு.

லவோன்: நீங்க எதுக்கு என் டயரப் பாக்குறீங்க?

ஹார்லன்: என் பிக்கப் வண்டிய பக்கத்துலதான நிறுத்தறேன். கண்ணுல பட்டுது... சரி, இந்த மார்ஷலப் பைல போடுங்க. அந்தத் தாடிக்காரரையும் போடுங்க. இன்னும் ஒருத்தர் இருந்தா அவரையும்.

லவோன்: இன்னும் ஒருத்தர் இல்ல. இந்த ரெண்டு பேருதான்.

ஹார்லன்: அப்ப ரெண்டு பேரையும் போடுங்க.

லவோன்: தொப்பி இல்லாட்டிப் பரவால்லயா?

ஹார்லன்: மேடம், தொப்பி இருந்தா என்ன இல்லாட்டி என்ன... எனக்கு என்ன தெரியப் போகுது.

லவோன்: என்ன சொன்னீங்க?

ஹார்லன்: ...நீங்கதான் பாய்சி போறீங்களே. சொல்லிட்டே போயிடறேன். எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது மேடம். ஒண்ணுமே தெரியாது.

லவோன்: எதப் பத்தி?

ஹார்லன்: இந்த மார்ஷல், ரேஞ்சர், ஷெரிஃப்... யாரப் பத்தியும். சின்ன வயசுலயும் இவங்க சீரியலப் பாத்ததில்ல. எங்க வீட்ல டி.வி. வாங்கினப்போ இவங்க எல்லாம் ரிட்டயர் ஆயிட்டாங்க. மொத நாள் நான் இங்க வந்ததே தப்பு. பக்கத்துக் கொட்டாய்ல கன்னுக்குட்டி ஏலம். அதுக்கு வந்தவன், கதவு மாறி உள்ள வந்துட்டேன்.

லவோன்: கைல கயிறு வெச்சிருந்தீங்க.

ஹார்லன்: கன்னுக்குட்டியக் கட்டி இழுத்துட்டுப் போக.

லவோன்: நான் கௌபாய் வேஷம் போட்டுட்டு வந்திருக்கீங்கன்னு நினைச்சேன். அந்த வயசுல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு ஆசைன்னு...

ஹார்லன்: திரும்பிப் போகத்தான் பாத்தேன். நீங்க தலைய நிமித்தி, எந்த வருஷத்து ஆளத் தேடுறீங்கன்னு கேட்டீங்க. ஐரீன் போனதுக்கப்புறம்... என் வீட்டுக்காரி... அவ போனதுக்கப்புறம் என்ன யாரும் எதுவும் கேட்டதில்ல மேடம். பேங்க்ல கையெழுத்து கேப்பாங்க, அவ்வளவுதான். வாய்க்கு வந்த ஒரு வருஷத்தச் சொன்னேன். எங்கப்பா டிராக்டர் வாங்கின வருஷம்.

லவோன்: அதுக்கு நான் ஒரு ஷெரிஃப எடுத்துக் குடுத்தேன்.

ஹார்லன்: குடுத்தீங்க. நான் இதத்தான் ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன்னு சொன்னேன்.

லவோன்: கன்னுக்குட்டி?

ஹார்லன்: வாங்கல. தீவனம் மட்டும் வீட்ல இருந்துது. இப்ப வீட்ல பின் ரூம் பூரா இவங்கதான். கதவ மூடித்தான் வெச்சிருக்கேன். தொறந்தா எல்லாரும் ஒண்ணா என்னப் பாக்குறாங்க. போன கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணு வந்தவ தொறந்து பாத்துட்டா. எதுவும் சொல்லல. சாப்பிட்டு முடிச்சப்புறம் ஒவ்வொருத்தரா எடுத்துட்டு வந்து, அப்பா இவரு யாரு, இவரு யாருன்னு மெதுவா கேட்டா. எனக்கு ஒருத்தர் பேரும் தெரியல.

லவோன்: ஐயோ.

ஹார்லன்: டாக்டருக்கு போன் பண்ணிட்டா. அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சு, இத்தன ஆசையா வாங்கி வெச்சவங்க பேரே மறந்துபோச்சுன்னு. நான் போயி தலையில ஒயர் எல்லாம் வெச்சு டெஸ்ட் எடுத்துட்டு வந்தேன்.

லவோன்: நெசத்தச் சொல்லியிருக்கலாமே அவகிட்ட.

ஹார்லன்: என்னன்னு? சந்தைல ஒரு மேடம் இருக்காங்க, மாசத்துக்கு ஒரு தடவ அவங்க எதிர்ல நின்னு அரமணி நேரம் பேசணும்னா ஒரு கௌபாய் வாங்கியாகணும்னா? அதுக்கு ஒயர் வெக்கிறதே மேல். ஏதாவது சொல்லுங்க மேடம்.

லவோன்: சில்லி ஆறுது.

ஹார்லன்: ஆறட்டும்.

லவோன்: என் பேரு லவோன். எத்தன தடவ சொல்லியிருக்கேன்.

ஹார்லன்: சொல்லியிருக்கீங்க.

லவோன்: கர்ச்சீப் என்ன நெறம்னு எனக்கும் தெரியாது.

ஹார்லன்: ஆரஞ்சுன்னு பட்டுன்னு சொன்னீங்களே.

லவோன்: நீங்க முழிச்ச முழியப் பாத்து வாயில வந்துது. இதெல்லாம் ஆரின் சேத்தது, பீவி. என் வீட்டுக்காரர். நாப்பது வருஷம் அவரு சேத்தாரு, நான் தூசி தொடச்சேன். எவன் நிப்பான், எவன் விழுவான்னு மட்டும் தெரியும். பேரு பெட்டில எழுதியிருக்கும்.

ஹார்லன்: ஆச இல்லாமலா நாப்பது வருஷம்...

லவோன்: அவரு மேல ஆச இருந்துது. அவரு கூட வந்தவங்கள என்ன பண்றது. சாப்பாட்டு மேசையில எனக்கு எதிர் நாற்காலி ஒரு ஷெரிஃபுக்கு. என் ஐம்பதாவது பொறந்தநாளைக்கு உனக்கு ஒரு குதிர வாங்கியிருக்கேன்னு கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போனாரு. பாத்தா, என் கை விரல் உசரம்.

ஹார்லன்: சிரிக்கக் கூடாதுன்னு பாக்குறேன்.

லவோன்: அன்னைக்கு நானே சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம்ல போயி அழுதேன். அத விடுங்க. அவரு போனதும், ஒரு கோடைல எல்லாத்தையும் தள்ளி விட்டுட்டு, சாப்பாட்டு மேசையில தட்ட மட்டும் வெச்சு ஒரு வேள சாப்பிடணும்னுதான் இங்க மேசை எடுத்தேன். உங்களுக்கு இதெல்லாம் உசுருன்னு நினைச்சேன். அதனால என் வாயத் தொறக்கல. உங்க மனசு நோகும்ல.

ஹார்லன்: என் மனசா?

லவோன்: ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுப் போவீங்களே, கொழந்தைய எடுத்துட்டுப் போற மாதிரி.

ஹார்லன்: விழுந்தா ஒடஞ்சிரும், அப்புறம் நீங்க கோவிப்பீங்கன்னு.

லவோன்: நல்லா இருந்துது நம்ம ஏவாரம்.

ஹார்லன்: இன்னைக்கோட முடிஞ்சுது. பாய்சி போயிடுவீங்க.

லவோன்: பையன் கூப்பிடுறான்னுதான் சொன்னேன். போறேன்னு நான் எங்க சொன்னேன்?

ஹார்லன்: பச்ச பெயின்ட்...

லவோன்: எனக்குப் பச்ச புடிக்காது.

ஹார்லன்: அப்ப எதுக்குங்க மேசைய விடுறீங்க? எனக்குப் புரியல லவோன். ஒரு கோடைல வித்துத் தள்ளணும்னு வந்தவங்க, அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆரின் அவ்வளவு பேரையா சேத்து வெச்சிருந்தாரு?

லவோன்: ஆரினோடது அந்தக் கோடையிலயே தீந்துபோச்சு. அதுக்கப்புறம் நீங்க வாங்கினதெல்லாம் டூயியோடது. சந்தை அன்னைக்குக் காலைல, நீங்க வர்றதுக்கு முன்னாடி, அவன் மேசையில போயி ரெண்டு மூணு கௌபாய வாங்கிட்டு வந்து இங்க நிக்க வெப்பேன். இன்னைக்கு அவனும் கைய விரிச்சுட்டான் ஹார்லன்... இனிமே விண்வெளி ஆளுங்கதான் பாக்கியாம். அவங்கள உங்க தலையில எப்படிக் கட்டுறதுன்னு எனக்குத் தெரியல.