கைப்பிடி இல்லாத கதவு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள், ஐயா. பழைய ஆய்வகத்தைப் புதுப்பித்துப் பார் என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. பல்கலைக்கழகம் அந்த வேலையை என் தலையில் கட்டியது.

வரவிருந்தது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். அணுவையே படம் பிடிக்கும். ஆனால் மகா தொட்டாற்சுருங்கி. பக்கத்து அறையில் யாராவது நாற்காலியை இழுத்தால் படம் கலங்கிவிடும். தரையை வெட்டித் தனியாகக் கான்கிரீட் மேடை போட்டேன். சுவரெல்லாம் பஞ்சுப்பலகை. கருவியைக் குளிர வைக்கும் நைட்ரஜனுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை. ரப்பர் ஓரம் வைத்த கனத்த கதவு. அதன் உள்பக்கக் கைப்பிடி கிடுகிடுத்தது. கழற்றிவிட்டேன்.

கருவி வருமுன்பே அங்குள்ள தொட்டியில் நைட்ரஜன் நிரப்பிவைக்கும் வேலை என் மைத்துனனுடையது. மனைவிக்கு ஒரே தம்பி, நான்தான் சேர்த்துவிட்டேன். வேலை முடிந்ததும் உள்ளிருந்து தட்டுவான், நான் போய்த் திறந்துவிடுவேன்.

"அத்தான், உங்க மிஷினுக்குக் காத்து ஆகாது, எனக்குக் காத்து வேணுமே. ஃபேனை மட்டும் நிறுத்திடாதீங்க. நைட்ரஜன் நிறைஞ்சா ஆள் காலி," என்று சிரிப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று கருவி தரும் கம்பெனிக்காரர்கள் வந்து இடத்தைச் சோதிக்கும் நாள். அதிர்வுக் கோடு திரையில் அரைமணி நேரம் ஆடாமலிருந்தால் கருவி எங்களுக்கு, ஆடினால் வேறு பல்கலைக்கழகத்துக்கு. வருஷக்கணக்கில் நாயாய் அலைந்து பிடித்த வாய்ப்பு அது. ஃபேன் ஓடினால் கோடு நடுங்கியது. நிறுத்தினேன். அவன் உள்ளே நிரப்பிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் கோட்டில் சின்னச் சின்னப் பற்கள் முளைத்தன. மூன்று மூன்றாக. அவன் தட்டுவது அப்படித்தான்.

"என்ன சார் இது?" என்றார் கம்பெனி எஞ்சினியர்.

"லிஃப்டா இருக்கும். நின்னுடும்."

"சரி, அடங்கட்டும். முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்."

கதவைத் திறந்தால் காற்று கலைந்து மறுபடி அடங்கச் சாயங்காலம் ஆகிவிடும். அவர்களுக்கோ மதியம் விமானம். நீங்களே யோசித்துப் பாருங்கள். பற்கள் நெருங்கின, உயர்ந்தன, பிறகு தாறுமாறாகின. கடைசியாக ஒன்று. அப்புறம் கோடு படுத்துக்கொண்டது. அதிலிருந்து அரைமணி நேரம் ஓர் அசைவு இல்லை. கைகுலுக்கி அவர்களை வழியனுப்பிவிட்டு வந்துதான் திறந்தேன்.

சத்தம் கேட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கேட்கவில்லை. பஞ்சுப்பலகை அவ்வளவு நேர்த்தி. "என் தம்பி கூப்பிட்டது உங்க காதுல விழலையா?" என்று மனைவி அழுதபோதும் இதையேதான் சொன்னேன், பொய்யில்லை. திரையில் பார்த்தேன், அவ்வளவுதான். தட்டுவது அவன்தான் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அந்தக் கதவுக்கு மறுபடி உள்கைப்பிடி மாட்டப்போகிறார்களாம். வேண்டாமென்று சொல்லுங்கள். கிடுகிடுக்கும்.