ரசீதில் எழுதிய மகன்

முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்னறை மேசையில் முகம் கோணாமல் அமர்ந்து, முதுமையோடு வந்தவர் எவரையும் வாசலோடு அனுப்பாத எங்கள் சேர்க்கை அலுவலர் அம்மையாரே! பெரியவர்கள் பதில் சொல்லக் கூசும் கேள்வியைப் பக்குவமாகக் கேட்டு, அவர்கள் கண் கலங்குமுன் தண்ணீர் தம்ளரை நகர்த்தி வைத்த தாயுள்ளமே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இன்று, இந்த முதியோர் இல்லத்தின் பணியாளர்கள் பதினாறு பேரும் வணங்கியும் வாழ்த்தியும், உள்ளுக்குள் கொஞ்சம் பயந்தும் வாசித்தளிக்கும் மடல் இது.

"இங்க தங்குறதுக்கு யார் பணம் கட்டுவாங்க?" இதுதான் அந்தக் கேள்வி. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் மேசையைத் தட்டி, "நான் சம்பாதிச்சது, நானே கட்டுறேன். எவன் என்ன சொல்றது?" என்றார். அப்படிச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தையல்காரர் ஒருவரோ, "வீட்டை வித்தாத்தான் கட்ட முடியும். வித்துட்டா பிள்ளைங்களுக்கு எதை விட்டுட்டுப் போறது?" என்று விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பிப் போனார். மற்றவர்களுக்குப் பிள்ளை கட்டினால் கௌரவம், தானே கட்டினால் தலைகுனிவு. தன் காசில் தான் தங்குவதைக் களவுபோல மறைத்தவர்களே அதிகம்.

அந்தத் தலைகுனிவைத் தீர்க்கத் தாங்கள் கண்ட வழியை என்னவென்று புகழ்வது! ஒன்பதாம் அறை ஆசிரியைக்குக் கல்யாணமே ஆகவில்லை. தன் ஓய்வூதியத்தில்தான் கட்டினார்.

"ரசீதுல மகன்னு போடுங்கம்மா. பக்கத்துக் கட்டில்காரங்க எட்டி எட்டிப் பார்க்கிறாங்க."

"உங்களுக்குத்தான் மகன் இல்லையே டீச்சர்?"

"ரசீதுலயாவது இருந்துட்டுப் போகட்டுமே."

'செலுத்துபவர்' என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதினீர்கள். எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று இடக்கையால், பின்பக்கம் சாய்த்து எழுதினீர்கள். ஆசிரியையைப் பார்த்து அடுத்த மூதாட்டியும் தங்களிடம் அப்படியே கேட்டார். ஆண்டுகள் போகப் போக, யாருமற்ற பதினொரு மூதாட்டிகளுக்குத் தங்கள் இடக்கை ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்தது.

அந்த மகன் நேரிலேயே வந்து நிற்பார் என்று யார் கண்டது!

தங்கள் வார விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் நிறச் சட்டை போட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் நேரே ஒன்பதாம் அறைக்குப் போனார். "அம்மா, கையைக் காட்டு" என்று ஆசிரியைக்குப் பொறுமையாக நகம் வெட்டிவிட்டுப் போனார். பார்வையாளர் பதிவேட்டில் அவர் எழுதியிருந்த ஒரே சொல், பின்பக்கம் சாய்ந்த 'மகன்'. அடுத்த ஞாயிறு நான்காம் அறையில் அதே சட்டை, அதே "அம்மா". பதினொரு அறைகளுக்கும் வந்தார். பதினெட்டு ஆண்டுகளில் அவருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அந்தப் பதினொரு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். குலை நடுங்கியது எங்களுக்குத்தான்.

தாங்கள் மட்டும் சிரித்தீர்கள். "உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? யாரோ தூரத்துச் சொந்தமா இருக்கும்" என்றீர்கள். தாங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. தங்களுக்கு விடுமுறை இல்லாத நாளில் அவர் ஒருபோதும் வந்ததில்லை.

தன்மானச் செல்வியே! நாளை முதல் தாங்களும் இங்கேயே, ஆசிரியை இருந்த அதே ஒன்பதாம் அறையில் தங்கப் போகிறீர்கள். "எனக்கு எவனும் மகனா வர வேணாம். என் பணம், நானே கட்டுறேன்" என்று சொல்லி, விண்ணப்பத்தில் 'நானே' என்று கொட்டை எழுத்தில் எழுதினீர்கள். அன்று நாங்கள் கைதட்டியது மனதாரத் தட்டியதுதான்.

இன்று காலை தங்களுக்கு முதல் ரசீது எழுதப் புதுப் புத்தகத்தைப் பிரித்தோம். முதல் தாளில் ஏற்கெனவே எழுதியிருந்தது. செலுத்துபவர்: மகன். பின்பக்கம் சாய்ந்த அதே எழுத்து. படியில் வழுக்கி விழுந்து தங்கள் இடக்கையில் மாவுக்கட்டுப் போட்டு இரண்டு வாரமாகிறது. எழுதியது தாங்கள் இல்லை.

"கிழிச்சுப் போட்டுடட்டுமா அக்கா?" என்று தங்களிடமே கொண்டுவந்து காட்டினோம். தாங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். சிரிக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். பேச்சை மாற்ற நினைத்த சலவைக்காரப் பெண், மாவுக்கட்டால் வெட்ட முடியாமல் வளர்ந்துகிடந்த தங்கள் வலக்கை நகங்களைப் பார்த்து, "வெட்டி விடட்டுமா அக்கா?" என்றாள்.

"இருக்கட்டும்டி. நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றீர்கள்.

அக்கா, தங்களை எண்ணி எங்களுக்குப் பயமாக இருக்கிறது. தங்கள் முகத்தில் அந்தப் பயம் இல்லாததைப் பார்த்தால் அழுகை வருகிறது. நோய் நொடி அண்டாமல், நூறாண்டு நிறைவோடு, ஒன்பதாம் அறையில் நிம்மதியாகத் தூங்குங்கள்! நாளை ஞாயிறு இல்லை. ஆனால் நாளை முதல் தங்களுக்கு எல்லா நாளும் விடுமுறைதான்.

என்றும் தங்கள் அன்பில்,
சமையலறை, சலவை, செவிலியர், காவல், அலுவலகப் பணியாளர்கள் பதினாறு பேர்