ஒரே கூரைக்கு இரண்டு படகு

மேடையில் வீற்றிருக்கும் தாசில்தார் அய்யா அவர்களே, காவல்துறை ஆய்வாளர் அவர்களே, ஜெபித்து அமர்ந்திருக்கும் குருவானவர் அவர்களே, டெலிபோன் இலாகா தோழர்களே, துக்கத்தோடு கூடியிருக்கும் சங்கரன்கோவில் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் ஆறுமுகச்சாமியின் வணக்கம்.

இன்று நடப்பதையெல்லாம் முன்னாலேயே சொன்னவன் நான். ஞானபூரணம் அம்மையாருக்கு இரங்கல் கூட்டம் போட்டால் மண்டபம் கொள்ளாது என்று சொன்னேன், வாசலைப் பாருங்கள். என்னைக் கடைசியில்தான் பேசக் கூப்பிடுவார்கள் என்று சொன்னேன், கூப்பிட்டிருக்கிறார்கள். எழுபத்தேழு ஐப்பசியில் குளம் உடையும் என்றும் நான்தான் சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. ஆனாலும் இந்தத் தாலுகாவில் மைக் செட் என்றால் நான்தான். ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழ வேண்டும், அது என் தொழில். அம்மையாரின் தொழிலும் அதுதான். எனக்கு ஒலிபெருக்கி, அவருக்கு எக்ஸ்சேஞ்சு. வேறு வித்தியாசம் கிடையாது.

யார் இந்த ஞானபூரணம்? நம்மூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் சூப்பர்வைசர். வெளியூருக்கு டிரங்க் கால் போட்ட அத்தனை பேருக்கும் அவர் குரல் தெரியும். "சுருக்கமாப் பேசுங்க அண்ணாச்சி, லைனுக்கு ஆளு காத்துக் கெடக்கு" என்று என் பேச்சை வெட்டிய ஒரே மனுஷி. இன்று வெட்ட ஆளில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐப்பசியில் வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளம் உடைந்தது. ஊர் எது, வயல் எது என்று தெரியவில்லை. பட்டாளம் வந்தது. நாற்பது லாரி! சரி, நான்கு லாரி. ரப்பர் படகும் வயர்லெஸ் பெட்டியுமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கினார்கள். இந்தப் பக்கம் தாலுகா ஆபீசும் போலீசும் மீன்பிடிக்கிற ஆட்களின் படகைப் பிடித்து வைத்திருந்தார்கள். போலீசுக்கும் ஒரு வயர்லெஸ் உண்டு. ஆனால் பட்டாளத்துப் பெட்டியில் பேசினால் போலீஸ் பெட்டியில் கேட்காது. இதன் அலைவரிசை வேறு, அதன் அலைவரிசை வேறு. இரண்டும் அரசாங்கப் பெட்டி, இரண்டும் நம்மைக் காப்பாற்ற வந்த பெட்டி. ஒன்றுக்கொன்று முகம் பார்க்காத சம்பந்தி வீடு மாதிரி இருந்தன!

தண்ணீருக்கு நடுவே இரண்டு இடத்தில் ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். ரைஸ் மில் கூரை மேல் ஒரு கூட்டம். சுண்ணாம்புக் காளவாசல் மேட்டில் ஒரு கூட்டம். இரண்டு சேதியும் இரண்டு பக்கத்துக்கும் போய்விட்டது. மில்லுக்கு நாம் போவோம், காளவாசலுக்கு அவர்கள் போவார்கள் என்று பட்டாளம் நினைத்தது. போலீசும் அதையே நினைத்தது. என்ன நடந்தது? மில் கூரைக்கு இந்தப் பக்கம் ரப்பர் படகு, அந்தப் பக்கம் மரப் படகு! கூரை மேலிருந்த தங்கத்தாய் ஆச்சி இரண்டையும் பார்த்துவிட்டு, "எதுல ஏறணும்? ரெண்டுல எது வீட்டுக்குப் போவுது?" என்று கேட்டாராம். இந்தக் கதையை நான் எந்த மேடையில் சொன்னாலும் சிரிப்பு அடங்காது. இப்போதும் சிரிக்கிறீர்கள். பிறகு காளவாசலுக்கும் படகு போனது. ஒரு உயிர்ச்சேதமும் இல்லாமல் எல்லோரும் கரையேறினார்கள்.

எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மையார் காதில் இரண்டு பக்கத்துப் பேச்சும் விழுந்தது. இனி ஒரே இடத்துக்கு இரண்டு படகு போகக் கூடாது என்று அவர் என்ன செய்தார்? பட்டாளத்து மேஜருக்குப் போன் போட்டு, உங்கள் ஆள் ஒருவரைப் பெட்டியோடு இங்கே அனுப்புங்கள், போலீஸ் ஏற்கெனவே அனுப்பிவிட்டது என்றார். அடுத்த நிமிஷம் போலீசுக்குப் போட்டு, மேஜர் அனுப்பிவிட்டார், நீங்கள்தான் பாக்கி என்றார். இரண்டும் பொய்! கதை விடுவதில் நான் ஒருவன்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் எக்ஸ்சேஞ்சு வாசல் பெஞ்சில் ஒரு மலையாளச் சிப்பாயும் நம்ம ஏட்டு சௌந்தரபாண்டியனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் பெட்டியில் வந்ததை அவர் கேட்டுத் தன் பெட்டியில் சொல்ல வேண்டும். பெட்டிகள் பேசாவிட்டால் என்ன, ஆட்கள் பேசலாமே!

அம்மையார் வைத்த சட்டம் ஒன்று. கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சௌந்தரபாண்டியனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதான் கேட்டுட்டேன்னு சொல்லுதேம்லா. பின்னே என்ன?"

"கேட்டுட்டேன்னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? என்ன கேட்டீங்க, அதைச் சொல்லுங்க."

அவர் திருப்பிச் சொன்னார். தெற்குத்தெரு என்பதை வடக்குத்தெரு என்று சொன்னார். அதற்குப் பிறகு அவர் கோபப்படவில்லை.

வெள்ளம் வடிந்தது, பட்டாளம் போனது. ஆனால் அம்மையார் அந்தப் பெஞ்சை விடவில்லை. வருடா வருடம் புரட்டாசியில் மழைக்கு முன்னால் பட்டாளத்துக்கு எழுதி ஒரு ஆளை வரவழைப்பார். போலீஸ், தீயணைப்பு, தாலுகா ஆபீஸ், எல்லாரையும் அதே பெஞ்சில் உட்கார வைத்து ஒத்திகை பார்ப்பார். குருவிகுளத்தில் குளம் உடைந்ததாகவும் இளையரசனேந்தல் ரோடு அறுந்ததாகவும் கற்பனையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். பெரிய அதிகாரிகளைக்கூட, "என்ன கேட்டீங்க, சொல்லுங்க" என்பார். சிலருக்குக் கசக்கும். ஆனாலும் வருவார்கள், அவருக்கு அஞ்சி.

இந்தப் புரட்டாசிக்கு அவர் இல்லை. ஒத்திகை இனி தேவையில்லை என்று தாலுகா ஆபீசில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டேன். காரணம் கேட்டேன். "அந்தப் பெரிய வெள்ளத்திலேயே ஒரு உயிர் போகலியே அண்ணாச்சி. நீங்கதானே மைக்ல சொல்லுதீங்க" என்றார் ஒருவர்.

அய்யா, பெருமக்களே, அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். ஊருக்கே தெரியும். நான்கு லாரியை நாற்பது என்றால் யாருக்கு நஷ்டம்? அம்மையாரும் என் லாரிகளை எண்ணியதில்லை. ஆனால் நான் இந்தக் கதையைச் சொல்லி இறங்கும்போதெல்லாம் அருகில் வந்து, "காளவாசலையும் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். சொல்லிட்டேனே அம்மா, படகு போச்சுன்னு சொன்னேனே என்பேன். மறுபடியும், "காளவாசலைச் சொல்லுங்க" என்பார்.

அம்மையாரின் பணியை நாம் தொடர்வோமா? தொடர்வோம் என்று நீங்கள் கைதூக்கலாம். நானும் பெஞ்சு போடுகிறேன், பந்தல் போடுகிறேன், வாடகை இல்லாமல் மைக் செட் தருகிறேன். ஆனால் எதற்காகத் தொடர்கிறோம் என்று தெரியாமல் தூக்குகிற கை அடுத்த வருடம் இறங்கிவிடும். ஆகையால் காளவாசலைச் சொல்லிவிடுகிறேன்.

மில் கூரைக்கு இரண்டு படகு போனதே, அதில் ஒன்று காளவாசலுக்குப் போயிருக்க வேண்டிய படகு. அது திரும்பிப் போனபோது மேட்டில் பாதி கரைந்திருந்தது. மற்றவர்கள் இருந்தார்கள். பிச்சம்மாள் இல்லை. அவர் மகன் வெள்ளத்துரை இதோ தூண் பக்கம் நிற்கிறார். நான் மேடை மேடையாகச் சிரிக்க வைத்தபோதும் நின்று கேட்டிருக்கிறார். ஒரு உயிர்ச்சேதமும் இல்லை என்பது நானாகச் சேர்த்தது. கதை முடியும்போது ஜனங்கள் சந்தோஷமாகப் போகட்டும் என்று சேர்த்தேன்.

அம்மையாரின் சட்டப்படியே முடிக்கிறேன். நான் சொல்வதைக் கேட்டால் போதாது, திருப்பிச் சொல்லுங்கள். தாசில்தார் அய்யா, முதலில் நீங்கள். இதோ சொல்கிறேன்:

எழுபத்தேழு வெள்ளத்தில் ஒருவர் இறந்தார். அவர் பெயர் பிச்சம்மாள்.