மூன்றாம் பூச்சு

— மறுபடியும் வந்துட்டாரு, பெயிண்டரே.

— யாரு அக்கா? விழாக் கமிட்டி கலியாணசுந்தரமா? சாயங்காலம்தான வரேன்னாரு?

— அவரு இல்ல. ஞாயித்துக்கிழமை நீ வெள்ளை அடிச்சு மூடிட்டுப் போனியே, அவரு. அந்தா, அரிசி மூட்டைப் பக்கத்துல போர்டு சாஞ்சிருக்கு. நீயே போய் பாரு.

— இருக்காதுக்கா. மூணாவது பூச்சு அது. சத்தியமா ஒரு இடம் விடாம... அட.

— என்னா, பேசிக்கிட்டே வந்தவன் நின்னுட்ட?

— பேரு தெரியுது.

— படி, கேப்போம்.

— கருணாகரன். முழுசாத் தெரியுதுக்கா. பழைய கறுப்பு எழுத்து அப்படியே எட்டிப் பாக்குது.

— நல்லாப் படிக்கற. மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முன்னாடி 'பூங்காவனம் சாப்பாட்டுக் கடை'ன்னு பச்சையில எழுதித் தரேன்னு சொன்னவன் நீ. இன்னிக்கு ஆகஸ்ட் எத்தனை?

— பதிமூணு.

— இன்னும் வெள்ளையே நிக்கலை. பச்சையை எப்ப பாக்கப் போறேன்? என் பேரை எழுதறதுக்குள்ள எனக்கே என் பேரு மறந்துடும் போல.

— காத்துக்கா. கிளேபாங் கடல் காத்து. சத்தியமா சொல்றேன், உப்புக் காத்து பட்டா பெயிண்டு வெளுத்துரும்.

— போர்டு கடைக்குள்ள இருக்கு. கிளேபாங் காத்து கதவைத் தட்டி உள்ள வந்து, ரெண்டு தோசை சாப்பிட்டு, உன் பெயிண்டை நக்கிட்டுப் போச்சாக்கும்.

— அப்படின்னா டின்னுலயே கோளாறு இருக்கும்.

— போன தடவை பிரஷ்ஷைக் குத்தம் சொன்ன. அதுக்கு முந்தின தடவை மழை. அடுத்தது என்னா, என் சாம்பாரா?

— அக்கா, டீ ஒண்ணு, சீனி கம்மி. என்னா அப்பு, காலங்காத்தால போர்டு முன்னாடி முட்டி போட்டிருக்க? மன்னிப்புக் கேக்கறியா?

— வாங்க ஷரீஃபுதீன் ராவுத்தரே. உங்க பக்கத்துக் கடைக்காரரு பெரிய வித்தைக்காரரு. பேரை மறைக்கறாரு, ரெண்டே நாள்ல திரும்ப வர வைக்கறாரு. டிக்கெட்டு போட்டுக் காட்டலாம்.

— அட அல்லா, இது மூணாவது தடவையில்ல? கேட்டியா அப்பாசாமி, எஸ்டேட்டுல கித்தா ரப்பர் மரத்துக்கு நம்பர் எழுதினப்பவும் இப்படித்தானா?

— இல்ல ராவுத்தரே. எட்டு வருஷம் எழுதினேன். புக்கிட் ரம்பாய் பக்கம் எந்த நெரையில வேணும்னாலும் போய் பாருங்க. மழை, வெயிலு, பால் கறை, எல்லாம் தாங்கி நிக்குது. ஒரு புகார் வந்ததில்ல.

— மரம் எப்படிலா புகார் சொல்லும்?

— எஸ்டேட் கணக்குப் பாக்கற கிராணிகூடச் சொன்னதில்ல. மலாக்கா டவுனுக்கு வந்தும் நல்ல பேரு எடுத்திருக்கேன். போன வாரம் செட்டி கம்பத்துக் கல்யாண வீட்டுக்கு வாழ்த்து எழுதிக் குடுத்தேன். ரொம்ப அழகா இருக்குன்னாங்க.

— அந்தக் குடியிருப்புல எல்லாரும் தமிழ் வம்சம்தான், ஆனா அவங்க பேசறது மலாய். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது.

— அதனால என்னாக்கா?

— ஒண்ணுமில்ல. மரத்துக்கும் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவங்க எல்லாம் உன்னைப் பாராட்டறாங்க.

— அக்கா சரியாச் சொன்னீங்க. என் கடைக்கு ஜாவியில, அதான் மலாயை அரபு எழுத்துல, எழுதினானே, அதைப் படிக்கத் தெரிஞ்ச தபால்காரரு தினம் சைக்கிளை நிறுத்திச் சிரிச்சிட்டுப் போறாரு. நான் காகிதத்துல வரைஞ்சு குடுத்தேன். இவன் இடப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டான். கடைசி எழுத்து யானை மாதிரி இருக்கு. முதல் எழுத்துக்கு இடம் இல்லாம, மூலையில கொசு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு.

— வலப்பக்கத்துலேர்ந்து எழுதணும்னு நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். அப்பவும் நான் மாத்தித் தரேன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க.

— வேணாம்லா. சிரிக்க வர்றவன் சும்மாவா போறான்? ஒரு பிடி காஞ்ச மிளகாயாவது வாங்கிட்டுப் போறான்.

— ஊருக்கெல்லாம் எழுதற இவன் கடைக்கே போர்டு இல்ல ராவுத்தரே.

— எழுத நேரம் இல்லக்கா.

— எப்படி இருக்கும்? எனக்கே மூணு பூச்சு.

— அக்கா, கோச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். நான் இந்த ஊருக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. யாரு இந்தக் கருணாகரன்? முன்னாடி இங்க கடை வச்சிருந்தவரா? போக மாட்டேங்கறாரே மனுசன்.

— அவரு அப்படித்தான். வான்னா வர மாட்டாரு, போன்னா போக மாட்டாரு.

— அப்பு, வாயை மூடு.

— ஏன் ராவுத்தரே?

— அக்கா வீட்டுக்காரருலா. கடையே அவரு வச்சதுதான். ஜப்பான்காரன் காலத்துல, சயாமுக்கு ரயில் பாதை போடன்னு லாரியில ஏத்திட்டுப் போனாங்க. நாப்பத்தி மூணுல. போனவருதான்.

— எதுக்கு ராவுத்தரே கிசுகிசுக்கறீங்க? எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. தோசை திருப்பிக்கிட்டு இருந்தாரு. கையில சட்டுவத்தோடயே லாரியில ஏறிட்டாரு. நல்ல இரும்புச் சட்டுவம். அதுக்கப்புறம் அந்த மாதிரி ஒண்ணு எனக்குக் கிடைக்கலை.

— தெரியாம பேசிட்டேன்க்கா.

— தெரிஞ்சு பேசியிருந்தா மட்டும் பூச்சு நின்னிருக்குமா? எழுந்திரு, முட்டி வலிக்கப் போவுது. உனக்கும் டீ போடறேன்.

— சண்டை முடிஞ்சப்புறம் சில பேரு திரும்பி வந்தாங்கள்ல ராவுத்தரே?

— வந்தாங்க. உஜோங் பாசிர்ல ஒருத்தரு வந்தாரு. அக்கா நடந்தே போய் விசாரிச்சுட்டு வந்தாங்க. அவருக்கு எதுவும் தெரியலை.

— அவரு பேரே அவருக்கு ரெண்டு தடவை யோசிச்சாத்தான் வந்துச்சு. எலும்பும் தோலுமா இருந்தாரு. நான் கேக்கப் போயி, கஞ்சி வச்சுக் குடுத்துட்டு வந்தேன். அதை விடுங்க.

— வீட்டுக்காரரு போனதுலேர்ந்து கடைக்கு போர்டே கிடையாது அப்பு. அக்கா அதைக் கழட்டி அரிசி மூட்டைக்கு அடியில போட்டுட்டாங்க. பதினாலு வருஷம். கவர்மெண்டே மாறுது, உங்க கடையில ஒரு போர்டு மாறக் கூடாதான்னு நான்தான் சொன்னேன்.

— நீங்க சொன்னதுக்காக ஒண்ணும் இல்ல. லைசன்ஸை என் பேருக்கு மாத்தினேன். போர்டும் என் பேர்ல இருக்கட்டும்னு பாத்தேன். அவ்வளவுதான்.

— அதுக்குத்தான்க்கா புதுப் பலகையில எழுதலாம்னு முதல்லயே சொன்னேன்.

— நல்ல கெட்டிப் பலகை இருக்கறப்ப புதுசு எதுக்கு?

— சரி, இதுலயே எழுதறேன், பழைய எழுத்தைச் சுரண்டிடறேன்னேன். உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சிருந்தா இந்த வம்பே இல்ல.

— சுரண்டினா பலகை மெலிஞ்சிடும்.

— என் கடைக்குத் தூக்கிட்டுப் போய் அடிக்கறேன்னேன்.

— உன் கடைக் கூரை ஒழுகுது.

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க. ராவுத்தரே, நீங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. பழைய போர்டுல பேருக்குக் கீழ 'சாப்பாட்டுக் கடை'ன்னும் இருந்துச்சு. அது வெளிய வரலை. பேரு மட்டும்தான் வருது. ஒரே டின்னு, ஒரே பிரஷ்ஷு, ஒரே நாள்ல அடிச்சது. பெயிண்டு மோசம்னா ரெண்டும்ல வரணும்?

— ஆமாலா. கீழ சுத்தமாத்தான் இருக்கு. ஒருவேளை பேய் பிசாசு ஏதாவது...

— விளையாடாதீங்க. எனக்கும் அந்தப் பயம் வந்துதான், ரெண்டாவது பூச்சுக்கு முந்தி யாருக்கும் தெரியாம எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன்.

— அதான் ரசத்துக்கு வச்சிருந்த பழத்தைக் காணோமா? நான் எலியைச் சந்தேகப்பட்டேன்.

— பலகையில ஒரு வாசனை வேற அடிக்குதுக்கா. மண்ணெண்ணெய் மாதிரி.

— அடுப்பு பத்த வைக்கற இடத்துல மண்ணெண்ணெய் வாசனை வராம மல்லிகைப்பூ வாசனையா வரும்? இந்தாங்க ராவுத்தரே, டீ.

— என்னாக்கா, விரல் நகமெல்லாம் வெள்ளையா இருக்கு?

— மாவு. தோசை ஊத்தற கையில வேற என்ன இருக்கும், மருதாணியா? ஆறிப் போவுது, குடிங்க. உங்க கடை வாசல்ல ஆளு நிக்குது.

— நிக்கட்டும். அப்பு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நல்ல சேதி இல்ல. கலியாணசுந்தரம் சாயங்காலம் வரப் போறதில்ல. விடியறப்பவே இங்க டீ குடிச்சுட்டு, என் கடையில ஏறிச் சொல்லிட்டுப் போயிட்டாரு.

— போர்டைப் பாத்தாரா?

— பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. காஜா பேராங் சடக்கு ரோட்டுல நிக்கப் போற மெர்டேக்கா வளைவுக்கு என்னா பலகைன்னு தெரியும்ல உனக்கு?

— தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தி ராணி முடிசூட்டுக்குப் போட்ட வளைவு. அதே பலகைதான். மேல வெள்ளை அடிச்சு, நாலு பாஷையில எழுதணும். அதுக்குத்தான் அக்கா போர்டைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்னாரு.

— அதான்லா விஷயம். ‘நாட்டுக்கே சுதந்திரம் கிடைக்கற அன்னிக்கு, ஊரே கூடி நிக்கறப்ப, மெர்டேக்காவுக்குப் பின்னாலேர்ந்து ராணி பேரு எட்டிப் பாத்துச்சுன்னா நான் எங்க போய் ஒளியறது’ன்னாரு.

— சிரிக்காதீங்க ராவுத்தரே.

— நான் சிரிக்கலை. அவரு சொன்னப்பவும் சிரிக்கலை. உனக்காகப் பேசினேன். மத்தியானம் வரைக்கும் பொறுக்கறேன்னாரு. அதுக்கப்புறம் டவுன்ல ஒரு சீனத் தவுக்கே முதலாளிகிட்ட வேலையைக் குடுக்கப் போறாராம். சரி, நான் வரேன். கடையில ரெண்டு பேரு ஆயிட்டாங்க. வரேன்க்கா.

— வாங்க ராவுத்தரே.

— அக்கா, இந்தாங்க. இதை நீங்க வச்சுக்குங்க.

— என்னா இது?

— பிரஷ்ஷுங்க. மூணும் நல்ல பிரஷ்ஷு. வேற ஆளை வச்சு எழுதறப்ப உதவும்.

— வேற ஆளா? நீ எங்க போற?

— நேத்தே கிராணியைப் போய் பாத்தேன். மரத்துக்கு நம்பர் எழுத ஆளு வேணும்னாரு. இந்த வளைவு கிடைச்சா இருந்துடலாம், இல்லைன்னா போயிடலாம்னு நினைச்சிருந்தேன். நாளைக்குக் காலையில லாரி வருதாம். ஏறி வந்துடுன்னாரு.

— லாரியா?

— எஸ்டேட் லாரிதான்க்கா. எங்க வீட்டுக்காரி கோகிலா, வளைவு கிடைக்காதுன்னே சாமானைக் கட்ட ஆரம்பிச்சுட்டா. 'எங்க வீட்டுக்காரரு மலாக்கா டவுன்ல கடை வச்சிருக்காரு'ன்னு எஸ்டேட் லயத்துல ஒரு வீடு விடாம சொல்லிட்டு வந்தவ. திட்டினாக்கூடப் பரவாயில்ல. தலையாணி உறையில தட்டுமுட்டுச் சாமானைப் போட்டுக் கட்டிக்கிட்டு இருக்கா.

— ஒரு போர்டு சரியா வரலைன்னு கடையை மூடுவாங்களா?

— ரோட்டைப் பாத்து நிக்கப் போற முதல் பெரிய போர்டு இது. இதுவே எனக்கு நிக்கலை. கலியாணசுந்தரம் சொல்றது நியாயம்தான். இருக்கற பேரை மறைக்கத் தெரியாதவன் புதுப் பேரை எப்படி எழுதுவான்? மரத்துல எழுதறது வேறக்கா. அங்க அடியில யாரு பேரும் இருக்காது. எனக்கு இந்த வேலைக்குக் கை வரலை.

— உன் கைக்கு ஒண்ணும் இல்ல.

— ஆறுதலுக்குச் சொல்றீங்க.

— நான் எப்ப ஆறுதல் சொன்னேன்? ரெண்டு மாசமா உன்னைக் கிண்டல்தான பண்றேன்.

— அதுவும் ஆறுதலாத்தான் இருந்துச்சுக்கா.

— பிரஷ்ஷை எடுத்துப் பையில வை.

— வேணாம்க்கா, நீங்களே...

— வைன்னா வை. யாரும் லாரியில ஏற வேணாம். கலியாணசுந்தரம் இந்நேரம் எங்க இருப்பாரு? நான் போய்ப் பேசறேன்.

— என்னான்னு பேசுவீங்க?

— உன் பூச்சு நல்லா நின்னுச்சுன்னு. மூணு தடவையும்.

— கண்ணால பாத்துட்டுப் போயிருக்காரே. பேரு தெரியுதே.

— தெரியுது. நேத்துக் காலையில தெரியலை. அடுப்பு பத்த வைக்கலாம்னு வந்தேன். போர்டு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அங்க ஒருத்தரு இருந்தாருன்னு சத்தியம் பண்ணாக்கூட யாரும் நம்ப மாட்டாங்க. அவ்வளவு நல்லா மூடியிருந்த.

— அப்புறம் எப்படிக்கா வந்துச்சு?

— மண்ணெண்ணெய்த் துணி கையில இருந்துச்சு, அப்பாசாமி. இந்த நகத்துல இருக்கறது மாவு இல்ல.